லீன் போட்டால் மிச்சம் எந்தக் கணக்கில் ஏறும்?

கப்பலூர் சிட்கோ பேட்டையில் வண்டிகளுக்கான ரப்பர் புஷ், கேஸ்கெட் அடிக்கும் பட்டறை எங்களுடையது. வீணாவதைக் குறைக்கும் லீன் முறைக்கு மாறியபோது முதலில் கை வைத்தது மூலப்பொருளில். தரையில் மஞ்சள் கோடு போடுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காசு ஃபிளாஷில்தான் போகிறது. வெந்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது. அச்சின் ஓரத்தில் பிதுங்கிய அந்த ஃபிளாஷை வெட்டி எறிந்தால், காம்பவுண்ட் என்ற ரப்பர் கலவைக்குக் கொடுத்த விலை கிட்டத்தட்ட முழுசாக நட்டம்.

பீஸ் 42 கிராம், அச்சில் வைக்கும் வேகாத ரப்பர் துண்டான பிளாங்க் 48 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாங்கை 45 கிராமாக்கினால் பீஸுக்கு 3 கிராம் மிச்சம். நாளைக்கு 2,000 பீஸ், மாதம் 25 நாள் ஓடினால் 150 கிலோ. கிலோ 180 ரூபாய் என்றால் மாதம் 27,000 ரூபாய்.

எடுத்த எடுப்பில் எடையைக் குறைத்தால் பீஸ் நிரம்பாமல் வரும். பிளாங்க் எடை ஏறி இறங்குவதால்தான் ஆட்கள் பாதுகாப்புக்குக் கூட்டிப் போடுகிறார்கள். ரப்பரை ஷீட்டாக இழுக்கும் மில்லில் ரோல் இடைவெளியைச் சரிபார்த்து ஷீட் கனத்தைச் சீராக்கணும். பேட்சுக்குப் பத்து பிளாங்க் எடுத்து, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதணும். ஏற்ற இறக்கம் ஒரு கிராமுக்குள் அடங்கிய பிறகு அரை அரை கிராமாக இறக்கலாம். அச்சின் ஓரம் தேய்ந்திருந்தால் இவ்வளவு செய்தும் பிதுங்கும். முதலில் டூல் ரூமுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது அச்சு மாற்றுவது. ஆறிக் கிடக்கும் அச்சைப் பிரஸ்ஸில் ஏற்றி 160 டிகிரிக்குக் கொண்டுவரும் நேரம்தான் பெரிய தின்னி. அச்சை வெளியே அடுப்பில் சூடேற்றி, போல்ட், கிளாம்ப், ஸ்பேனர் எல்லாம் டிராலியில் தயாரான பிறகே பிரஸ்ஸை நிறுத்தணும். டிராலி பிரஸ் மேடையின் உயரத்துக்கே இருக்கணும், மேலே ரோலர் வேணும். சுடும் அச்சைக் கையால் தூக்கச் சொல்வது கொடுமை.

இப்படி மிச்சமான மணிகளைக் கூலியால் பெருக்கி லாபம் என்று எழுதுகிறார்கள் பலர். மாதச் சம்பளம் அப்படியேதானே போகிறது? ஓ.டி. (கூடுதல் நேர வேலைக் கூலி) குறைந்தாலோ, அந்த நேரத்தில் ஆர்டர் உள்ள பீஸ் ஓடினாலோதான் அது பணம். இரண்டும் இல்லையென்றால் அந்த வரியில் பூஜ்யம் போடுங்கள்.

நிஜமான ஆதாயம் சரக்கில் தெரியும். சீக்கிரம் அச்சு மாற்ற முடிந்தால் ஒரே பீஸை மாதக்கணக்குக்கு அடித்துக் குவிக்க வேண்டாம். 10 லட்ச ரூபாய் சரக்கு 6 லட்சமானால், வங்கியின் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கில் கடன் 4 லட்சம் இறங்கும். அந்த 4 லட்சம் லாபம் இல்லை, முடங்கிக் கிடந்த நம் பணம். 12 விழுக்காடு வட்டி என்றால் வருடத்துக்கு மிஞ்சும் 48,000 மட்டுமே லாபத்தில் சேரும். காம்பவுண்டையும் குறைவாக வாங்கி, பழையதை முதலில் எடுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் ஸ்கார்ச் ஆகி, அதாவது அச்சுக்குப் போகுமுன்பே வேகத் தொடங்கி, அச்சில் ஓடாது.

2023-இல் புதுப்பித்த மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் ஆலோசகர் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது; உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும். ஆலோசகர் வருமுன் ஒரு மாத ஃபிளாஷ் எடை, ஓ.டி. பதிவேடு, மாதக் கடைசிச் சரக்கு மதிப்பு மூன்றையும் எழுதி வையுங்கள்.