ஈட்டி இடக்கைக்குப் போனது: சலாஹுத்தீன் தரை ஓடு செய்து பார்த்த அனுபவம்

வெள்ளை மண்ணைச் சுரண்டி எடுத்து, ஓட்டை விளக்கடியில் தூக்கிப் பிடித்த பிறகுதான் கவனித்தேன். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு இடக்கையில் ஈட்டி பிடித்திருந்தார். குதிரை பாயவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அச்சுக்கட்டையில் படத்தைத் திருப்பிச் செதுக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு அச்சு போட்ட பிள்ளைக்குக்கூடத் தெரியும். பதினோரு நாள் மாலைகளைத் தேக்குப் பலகையில் செலவழித்த எனக்குத் தெரியவில்லை.

எதைச் செய்ய முயன்றேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் செர்ட்சி என்ற ஊரில் ஒரு மடாலயம் இருந்தது. அதன் இடிபாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடைந்த தரை ஓடுகள் நிறையக் கிடைத்தன. சுமார் 1250-களில் செய்தவை. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிவப்பு மண்ணில் பள்ளமாக உருவம் பதித்து, பள்ளத்தில் வெள்ளை மண்ணை நிரப்பி, மேலே ஈய மெருகு பூசிச் சுட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒரு ஜோடி வட்டப் படங்கள் பெயர்பெற்றவை. ஒன்றில் முடி சூடிய ரிச்சர்டு ஈட்டியோடு பாய்கிறார். மற்றதில் அந்த ஈட்டி, சிலுவைப் போரில் அவரை எதிர்த்து நின்ற சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் உடலைத் துளைத்திருக்கிறது.

இது நடக்கவே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. தூதர்கள் போய்வந்தார்கள், 1192 செப்டம்பரில் யாஃபாவில் மூன்று ஆண்டு எட்டு மாதத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், ரிச்சர்டு கப்பலேறிவிட்டார். அடுத்த மார்ச்சில் சலாஹுத்தீன் டமாஸ்கஸில் காய்ச்சல் கண்டு படுக்கையில் இறந்தார். ஜெருசலேம் அவர் கையில்தான் இருந்தது. அறுபது ஆண்டு கழித்து ஓட்டில் குத்திக் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். சண்டையில் வாங்க முடியாததைச் சூளையில் வாங்கிக்கொண்டார்கள் என்பேன்.

அந்த எரிச்சலும் ரசிப்பும் சேர்ந்துதான் என்னைக் களிமண்ணில் இறக்கின. கோடுகள் அவ்வளவு அழகு. தரையில் மிதிபட இருக்கும் ஓட்டில், குதிரையின் பிடரிமயிரைத் தனித்தனிக் கோடாக இழைத்திருக்கிறான் ஒரு பெயர் தெரியாத ஆள்.

திரும்பவும் அச்சுக்கு வருகிறேன். இரண்டாவது கட்டைக்குப் படத்தை எண்ணெய்த் தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்து ஒட்டி, அதன்மேலேயே செதுக்கினேன். மண்ணில் பள்ளமாகப் பதியவேண்டிய கோடுகளைக் கட்டையில் மேடாக விடவேண்டும். சுற்றியுள்ள மரத்தை எல்லாம் வழித்தெடுக்கவேண்டும். ஈட்டிக்கோடு மூன்று மில்லிமீட்டர் அகலம். அதற்குக் குறைந்தால் மரம் சில்லாகப் பெயர்கிறது. பிடரிமயிரை நான் ஐந்து கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ரிச்சர்டின் கேடயத்தில் உள்ள மூன்று சிங்கங்கள் மட்டும் நான்கு நாள் எடுத்தன. அந்தச் சிங்கங்களுக்காக ஒரு சின்னத் தேடலும் நடந்தது. மூன்று சிங்கம் ரிச்சர்டின் இரண்டாவது முத்திரையில், 1198-இல்தான் வருகிறது. சிலுவைப் போர் முடிந்து, சிறையிலிருந்தும் மீண்டு வந்த பிறகு. ஆக, பாலஸ்தீனத்தில் அவர் அந்தக் கேடயத்தைப் பிடித்திருக்க வாய்ப்பில்லை. ஓடு செய்தவனுக்கு அது பொருட்டில்லை. பார்த்ததும் ஆள் யாரென்று தெரியவேண்டும், அவ்வளவுதான். கட்சிக் கொடி இல்லாமல் தலைவர் படம் போடுவோமா?

வெள்ளை மண் படுத்திய பாடு தனி. முதலில் வெறும் சீனாக் களிமண்ணைக் கரைத்து ஊற்றினேன். காய்ந்ததும் அது உள்வாங்கி, சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மயிரிழை விரிசல். ஓரங்கள் மேலெழும்பி ஓடு அப்பளமாக வளைந்தது வேறு. மண் வாங்கப் போன இடத்தில் சட்டி பானை செய்யும் பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்று தண்ணீர் குடித்த மண், இன்னொன்று குடிக்காத மண். இரண்டும் ஒன்றாகச் சுருங்குமா தம்பி?" என்றார். சுட்ட ஓட்டை இடித்துச் சலித்த பொடியைச் சிவப்பு மண்ணில் சேர்க்கச் சொன்னதும் அவரே. ஐந்துக்கு ஒரு பங்கு சேர்த்தேன். வெள்ளையை ஒரேயடியாக ஊற்றாமல், கெட்டித் தயிர்ப் பதத்தில் நாலு தடவையாகத் தடவினேன். சிவப்பு மண் தோல் பதத்துக்கு வந்திருக்கும்போது தடவவேண்டும். அதற்கு முன்னால் தடவினால் கோடு கலைகிறது, பின்னால் தடவினால் ஒட்டாமல் பெயர்கிறது.

பிறகு சுரண்டல். தட்டையான இரும்புத் தகட்டை ஓட்டின்மேல் படுக்கவைத்து இழுக்க இழுக்க, வெள்ளைச் சேற்றுக்குள்ளிருந்து குதிரைக் கால் முதலில் வருகிறது, அப்புறம் சேணம், அப்புறம் முகம். இந்தப் பத்து நிமிடத்துக்காக மற்ற எல்லாத் துன்பத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

முதல் சூட்டில் இன்னொரு பாடம். ஆயிரம் டிகிரியில் சிவப்பு மண் இறுகியது. சீனாக் களிமண் இறுகவில்லை. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. சலாஹுத்தீனின் முகத்தில் பாதி என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. மெருகுக்குப் போடும் கண்ணாடிப் பொடியைக் கொஞ்சம் வெள்ளையில் கலந்த பிறகுதான் பிடித்துக்கொண்டது.

ஈய மெருகு பூசவில்லை. நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஓடுகளின் தேன் நிறம் அந்த மெருகால் வந்தது. ஈயமில்லாத மெருகில் மிகச் சிறிதளவு இரும்பு ஆக்ஸைடு கலந்து பார்த்தேன். ஒரு சிட்டிகையில் பழுப்பேறிய தந்த நிறம். இரண்டு சிட்டிகையில் கருப்பட்டிப் பாகு. முதலாவதை வைத்துக்கொண்டேன்.

எட்டாவது ஜோடி தேறியது. இருபது சென்டிமீட்டர் அச்சு, சுட்டு முடித்தபோது பதினெட்டாகச் சுருங்கியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஈட்டி ஒரு ஓட்டில் கிளம்பி அடுத்ததில் முடிகிறது. என் கைவேலையில் இணைப்பு அரை விரல்கடை தப்பியிருப்பதால், ரிச்சர்டு குத்தியது சுல்தானையா பக்கத்துக் காற்றையா என்று வாதாட இடமிருக்கிறது. அதைத் திருத்தப்போவதில்லை.

செதுக்கும் மாதங்களில் மற்ற படங்களையும் தேடிப் பார்த்தேன். லட்ரெல் சங்கீதப் புத்தகம் என்ற, பைபிளின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய இங்கிலாந்துச் சுவடி, சுமார் 1325-1340. அதன் ஓரத்தில் இதே ஈட்டிச் சண்டை. ரிச்சர்டின் முகம் இரும்புக் கவசத்துக்குள் மறைந்திருக்கிறது. சலாஹுத்தீனின் தலைக்கவசம் கழன்று, நீல நிறத்தில் கோர முகம் வெளியே தெரிகிறது. எதிரிக்கு மட்டும் முகம் கொடுத்து, அந்த முகத்தையும் பூதமாக்கியிருக்கிறார்கள். மூன்றாம் ஹென்றி 1251-இல் கிளாரண்டன் அரண்மனைச் சுவரில் இந்தச் சண்டையைத் தீட்டச் சொல்லி உத்தரவிட்டார். ரிச்சர்டின் தம்பி மகன் அவர். பெரியப்பாவுக்குச் செய்த மரியாதை போலிருக்கிறது.

எதிர்த்தரப்புச் சிற்பமும் உண்டு. டமாஸ்கஸ் கோட்டைக்கு முன்னால் 1993-இல் அப்துல்லா அல் சயீத் செய்த வெண்கலச் சிலை. சலாஹுத்தீன் குதிரைமேல் நிமிர்ந்து வருகிறார். சுற்றிப் பின்பக்கம் போனால், குதிரை வாலுக்கடியில் இரண்டு பேர் தலை தொங்கிக் குந்தியிருக்கிறார்கள்: 1187 ஜூலை 4 அன்று ஹத்தீன் போரில் பிடிபட்ட ஜெருசலேமின் சிலுவைப்படை மன்னர் கீயும், அவர் தரப்புப் பிரபு ஷாட்டியோனின் ரெனால்டும். இது நடந்ததுதான். அன்று கீக்குக் குளிர்ந்த நீர் கொடுக்கப்பட்டது, ரெனால்டின் தலை போனது. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்தியது. இங்கேயும் தோற்றவர்களின் முகத்துக்குத்தான் சிற்பி அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்.

சலாஹுத்தீனின் முகம்தான் என்ன? அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒரு செப்புக் காசு இருக்கிறது. இன்று துருக்கியில் சில்வான் என்று அழைக்கப்படும் மய்யாஃபாரிகீனில் 1190-91 அளவில் அடித்தது. காலை மடக்கி அமர்ந்த ஒருவர், கையில் உருண்டை. அரசன் என்றால் இப்படித்தான் வரையவேண்டும் என்ற வழக்கப்படி வரைந்தது. முக அடையாளம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஈட்டி இல்லை, எதிரி இல்லை.

மூன்றாவது ஓடு அதுதான். காசின் உருவத்தைப் பதினெட்டு சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கி, சுற்றிலும் யூசுஃப் இப்னு அய்யூப் என்ற அவருடைய இயற்பெயரை அரபு எழுத்தில் இட்டேன். அச்சுக்கட்டையில் அரபு எழுத்து இடமிருந்து வலமாக ஓடவேண்டும். அரபி படித்த நண்பரிடம் கட்டையையும் ஒரு கைக்கண்ணாடியையும் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்து வாசித்துவிட்டு, ஒரு புள்ளி குறைகிறது என்றார். தேக்கில் இல்லாத புள்ளியைச் சேர்க்க முடியாது. கட்டையில் துளை போட்டு, மூங்கில் குச்சியைச் சீவி அடித்து இறக்கியிருக்கிறேன். ஓடு இப்போது இரண்டு பலகைக்கு நடுவே, செய்தித்தாள் சுற்றி, கட்டிலுக்கு அடியில் காய்கிறது. சூளையில் இடம் அடுத்த சனிக்கிழமை.