பேராயர் கால்டுவெல்: உதகையில் தொடங்கிக் கொடைக்கானலில் முடிந்தது

இராபர்ட் கால்டுவெல்லைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தோடு தொடங்கி அதனோடே முடித்துவிடுகின்றனர். மெரினாவில் அவருக்குச் சிலை நிற்பது அந்நூலால்தான் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், அவர் உயிர்நீத்த கொடைக்கானலில் வசிக்கும் எனக்கு, அந்தப் புலமைக்குப் பின்னே மறைந்துபோன பேராயரைப் பற்றியும் நாலு வரி எழுதத் தோன்றுகிறது.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, 1838-இல் சென்னையில் வந்திறங்கியபோது அவர் ஆங்கிலிகன் திருச்சபையை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவரே அல்லர். இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராகவே வந்தார். மூன்றாண்டு சென்னை வாழ்க்கைக்குப் பின், ஆங்கிலிகன் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.யில் சேர முடிவெடுத்தவர், சோழநாட்டு ஊர்களின் வழியாக நீலகிரி வரை நடந்தே சென்று, அங்கே தங்கியிருந்த சென்னைப் பேராயர் ஸ்பென்சரின் கையால் 1841 செப்டம்பரில் உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். பிறகு மலையிறங்கி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். வண்டியும் பல்லக்கும் கிடைத்த நாளில் ஒரு வெள்ளைக்காரர் இப்படி நடந்ததை அன்றைய அதிகாரிகள் எப்படிப் பார்த்திருப்பார்களோ!

இடையன்குடியில் அவர் செய்த பணியில் பாதிப் பெருமை மனைவி எலைசாவையே சேரும். நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகளான அவர், பெண்களுக்குப் படிப்பையும் லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். 1847-இல் தொடங்கிய ஆலயம் 1880-இல்தான் முடிந்தது. இத்தனைக்கும் நடுவே, இன்று நாடார் எனப்படும் சாணார் பற்றி 1849-இல் கால்டுவெல் எழுதிய சிறுநூல் அச்சமூகத்தாரை ஆழமாகப் புண்படுத்தியது. அவர்கள் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

தாது வருடப் பஞ்சம் தாக்கிய 1877-இல், தம் 62ஆம் வயதில், கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆனால் அவருக்கெனத் தனித் திருமண்டலம் (பேராயரின் ஆளுகைப் பகுதி) கிடையாது. சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர் என்பதே பதவி. அதே நாளில் அதே பதவியைப் பெற்ற எட்வர்டு சார்ஜென்ட், மற்றோர் ஆங்கிலிகன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் திருநெல்வேலிச் சபைகளையும், கால்டுவெல் எஸ்.பி.ஜி. சபைகளையும் கவனித்தனர். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு பேராயர்கள், அதுவும் எல்லையால் அல்லாமல் சங்கத்தால் பிரிந்தவர்கள் என்பது விசித்திரமான ஏற்பாடுதான். தமிழை இவ்வளவு அறிந்த ஒருவருக்கு முழு அதிகாரம் தராமல் துணை நிலையிலேயே நிறுத்தியது சபை செய்த தவறு என்பது என் எண்ணம்.

1883-இல் தூத்துக்குடிக்கு மாறிய அவர், 1891 தொடக்கத்தில் பதவி விலகிக் கொடைக்கானலில் ஓய்வெடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 28-இல் இங்கேயே காலமானார். மோட்டார் சாலை வந்திராத அந்த மலையிலிருந்து உடலைக் கீழே இறக்கி, இடையன்குடி வரை கொண்டுபோய், அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். திருநெல்வேலி தனித் திருமண்டலமானது 1896-இல். அதன் முதல் பேராயராகச் சாமுவேல் மார்லி பொறுப்பேற்றார்.