அசல் கட்டு யாரிடம் இருக்கிறது?

நீட் முடிவு வந்த அன்று பெங்களூருத் தமிழ் வீடுகளில் எல்லோரும் கேட்பது "ரேங்க் எவ்வளவு?" என்பதைத்தான். முதல் சுற்று அலாட்மென்ட் வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஒரிஜினல் எல்லாம் இப்போ யார்கிட்ட இருக்கு?" பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாவது அல்லது இரண்டாம் பியூசி பட்டியல், டிசி, நன்னடத்தைச் சான்றிதழ், மைக்ரேஷன், சாதிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கட்டு. மருத்துவ இடத்துக்காகக் காத்திருக்கும் கலந்தாய்வு வரிசைகளோ இரண்டு, சில வீடுகளில் மூன்று. கட்டு ஓர் ஊரில் மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னோர் ஊரில் நல்ல இடம் வந்துவிடும். பிள்ளைகளுடன் இந்த அலைச்சலில் நின்றவர்கள் என்ற முறையில், எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

முதல் வரிசை டெல்லியிலிருந்து நடக்கும் எம்சிசி, அதாவது மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு. மாநில அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கான இடங்கள் எல்லாம் இதில் வரும். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் வேலை செய்து இஎஸ்ஐ கட்டும் பெற்றோரில் பலருக்குக் கடைசியாகச் சொன்ன ஒதுக்கீடு இருப்பதே தெரிவதில்லை. அதற்கான சான்றிதழைப் பதிவுக்கு முன்பே இஎஸ்ஐ இணையதளத்தில் எடுத்து வைக்க வேண்டும். ராஜாஜிநகர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி இந்த ஊரிலேயே இருக்கிறது. இரண்டாவது வரிசை மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் இருக்கும் கேஇஏ, அதாவது கர்நாடகத் தேர்வு ஆணையம். கர்நாடகத்தின் அரசு இடங்களும் தனியார் கல்லூரி இடங்களும் அங்கே. மூன்றாவது தமிழ்நாட்டு மருத்துவ இடங்களை நிரப்பும் சென்னைக் கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழு.

மூன்று வரிசையிலும் நிற்கலாமா என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. கர்நாடக அரசு இடத்துக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் 7 கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்து, பத்தாவதையோ பன்னிரண்டாவதையோ இங்கே தேறியிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் விதி. இங்கே வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது கணக்கில்லை, படிப்புதான் கணக்கு. தமிழ்நாட்டிலோ 6 முதல் 12 வரை அங்கேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டாம். வெளியே படித்தவர்கள் அதையும் பெற்றோரின் பள்ளிச் சான்றுகளையும் காட்ட வேண்டும். ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளிப் பக்கப் பள்ளிக்கு வந்து போகும் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். வீடு தமிழ்நாடு, படிப்பு கர்நாடகம். தமிழ்நாட்டு விண்ணப்பத்தில், வேறு மாநிலத்தில் பிறப்பிட உரிமை கோரவில்லை என்ற உறுதிமொழி உண்டு. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே கேஇஏ-விலும் மாநிலத்தவராக விண்ணப்பித்தால் இரண்டும் போகும் ஆபத்து இருக்கிறது. எந்த மாநிலம் என்பதை ஜூனுக்குள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். எம்சிசி-க்கு இந்தச் சிக்கல் இல்லை; அது எந்த மாநிலத்தவருக்கும் பொது.

சாதிச் சான்றிதழிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டில் வாங்கிய பிசி, எம்பிசி சான்றிதழ் கேஇஏ-வில் செல்லாது, அங்கே நீங்கள் ஜிஎம் (பொதுப்) பிரிவு. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறைகளாக இருப்பவர்கள் நாட கச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் கர்நாடகச் சான்றிதழே வாங்கியிருப்பார்கள். அதில் ஆர்டி என்று தொடங்கும் எண் இருக்கும், கேஇஏ அந்த எண்ணை வைத்தே சரிபார்க்கும். அங்கேதான் நம் முன்னெழுத்து வந்து நிற்கிறது. பத்தாவது பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, ஆர்டி சான்றிதழில் முன்னெழுத்தே இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். நீட் விண்ணப்பத்தில் பத்தாவது பட்டியலில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும், மற்றவற்றையும் அதற்கே ஒத்துவரச் செய்யுங்கள். அலாட்மென்ட் வந்த பிறகு திருத்த ஓடினால் நாள் போதாது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பிள்ளைகளுக்கு இன்னொன்று: 7 வருடப் படிப்புச் சான்றிதழில் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது, பிஇஓ-வின் (வட்டாரக் கல்வி அதிகாரி) மேலொப்பமும் வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகள் மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிச் சான்றிதழ், ஒவ்வொன்றும் அந்தந்த வட்டாரத்து பிஇஓ-விடம். ஜூன் மாதமே இதை முடித்துவிட வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் பலரும் போன வருட மதிப்பெண்ணை வைத்து மனக்கணக்குப் போடுகிறார்கள். அது பலிக்காது. 2024-ல் திருத்திய முடிவிலும் 17 பேர் 720 வாங்கினார்கள், 2025-ல் முதலிடமே 686. பொதுப் பிரிவுத் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடத்தில் இரண்டு விதமான ரேங்க். ஆகவே போன வருடம் அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்ற ரேங்குடன் இந்த வருட ரேங்கை மட்டும் ஒப்பிடுங்கள், அதையும் அதே பிரிவில், அதே சுற்றில். முதல் சுற்றுக் கடைசி ரேங்கைப் பார்த்து அழுதவர்கள் மூன்றாம் சுற்றில் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறோம்.

விருப்பப் பட்டியல் போடும்போது "நமக்குக் கிடைக்காது" என்று பெரிய கல்லூரியை விட்டுவிடாதீர்கள். கணினி உங்கள் ரேங்க் முறை வரும்போது பட்டியலின் முதல் வரியிலிருந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கும். மேலே எத்தனை பெரிய பெயர் இருந்தாலும் கீழே இருப்பதற்குக் கேடில்லை. பெங்களூரு மருத்துவக் கல்லூரி எட்டாது என்று தெரிந்தாலும் முதலில் போடுங்கள். அதே அளவு முக்கியம், சேரவே மாட்டோம் என்ற கல்லூரியைப் போடாமல் இருப்பது. கட்டணம், பாண்டு (படித்த பின் சேவை செய்வதாகத் தரும் ஒப்பந்தம்), விடுதி, வழி எல்லாவற்றையும் பட்டியல் போடும்போதே பார்த்துவிட வேண்டும். பாண்டுத் தொகையும் சேவை ஆண்டுகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகத்தில் படித்து முடித்தவர்களுக்குக் கட்டாய சேவை பற்றி 2012-லேயே சட்டம் இருக்கிறது. பட்டியலைப் பூட்டிய பிறகு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தளம் திணறும், முந்தைய நாளே பூட்டுவது நல்லது.

கேஇஏ முதல் சுற்றுக்கு முன் மாதிரி அலாட்மென்ட் ஒன்று விடும். அதைப் பார்த்து இனிப்பு வாங்க வேண்டாம், சோர்ந்தும் போக வேண்டாம். எல்லோரும் அதைப் பார்த்துத் தங்கள் பட்டியலை மாற்றுவார்கள், உண்மையான முடிவு நகர்ந்துவிடும். மாதிரியால் ஒரே பயன், நீங்கள் வரிசை தப்பாகப் போட்டிருந்தால் அது கண்ணில் படும்.

இனி அசல் கட்டு. எம்சிசி முதல் சுற்றில் இடம் வந்து நீங்கள் சேராவிட்டால் பதிவின்போது கட்டிய வைப்புத்தொகைக்குச் சேதம் இல்லை, இரண்டாம் சுற்றுக்கும் போகலாம். சேர்ந்தால் அந்தக் கல்லூரிக்கு நேரில் போய்க் கட்டைக் கொடுத்து, அப்கிரேடு (அடுத்த சுற்றில் மேலான இடத்துக்கு மாறுவது) வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயே சொல்ல வேண்டும். "வேண்டும்" என்று பதிந்திருக்கிறதா என்று கையில் தரும் சேர்க்கைக் கடிதத்தில் அந்த மேசையிலேயே படித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துப் பயனில்லை.

தொலைவில் ஓர் அரசுக் கல்லூரி கிடைத்திருக்கிறது, கேஇஏ முதல் சுற்று இன்னும் வரவில்லை என்று வையுங்கள். கேஇஏ-வில் உறுதியாக வரும் என்று ரேங்க் சொன்னால், அந்தத் தொலைவுக் கல்லூரிக்குப் போய்க் கட்டைக் கொடுக்காமல் இருப்பதே எங்கள் யோசனை. உறுதி இல்லையென்றால் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிறகு கேஇஏ-வில் வந்தால், எம்சிசி அறிவிக்கும் கடைசி நாளுக்குள் ராஜினாமா செய்து கட்டைத் திரும்ப வாங்கலாம். போக ஒரு நாள், அலுவலகத்தில் ஒரு நாள், வர ஒரு நாள் என்று குறைந்தது 3 நாள் வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதமோ விடுவிப்புக் கடிதமோ எம்சிசி தளத்தின் வழியே கல்லூரி எடுத்துத் தர வேண்டும். அலுவலகத்தில் முத்திரை குத்திக் கையால் எழுதித் தருவது செல்லாது. அந்தக் காகிதத்தை நம்பிக் கிளம்பியவர், எம்சிசி கணக்கில் இன்னும் பழைய கல்லூரியிலேயே இருப்பார். கேஇஏ-வுக்கு அவர் பெயர் "ஏற்கெனவே சேர்ந்தவர்" என்று போகும்.

எம்சிசி-யின் இரண்டாம் சுற்றுக்குப் புதிதாகப் பட்டியல் போட வேண்டும். இங்கே நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் கொடியது. சேர்ந்திருக்கும் கல்லூரியைவிடக் கீழான ஒன்றை "இருக்கட்டுமே" என்று போட்டால், அதுவே அப்கிரேடாக வந்துவிடும். பழைய இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பாது. கையில் இருப்பதைவிட மேலானதாக நீங்கள் உண்மையில் நினைக்கும் கல்லூரிகளை மட்டும் போடுங்கள், அது நாலே வரி என்றாலும் சரி. இரண்டாம் சுற்றில் புதிதாக வந்த இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும். மூன்றாம் சுற்றில் சேராவிட்டால் அத்தோடு அடுத்த சுற்றுக்கான தகுதியும் போகும். மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் வந்ததை விட்டால் அடுத்த நீட்டே எழுத முடியாது. சுற்று ஏற ஏற வாசல் குறுகும்.

கேஇஏ-வின் கணக்கு வேறு. சாய்ஸ் 1 என்றால் திருப்தி, சேர்கிறேன். சாய்ஸ் 2 என்றால் இது கையில் இருக்கட்டும், மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன். சாய்ஸ் 3 என்றால் இது வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறேன். 2-ல் உங்கள் பட்டியலில் இப்போதைய இடத்துக்கு மேலே உள்ளவை மட்டும் பார்க்கப்படும், எனவே எம்சிசி-யில் நேரும் அந்த விபத்து இங்கே இல்லை. ஆனால் 2-க்கும் 3-க்கும் குழம்பி அழுத்தியவர்கள் கையிலிருந்ததை இழந்தார்கள். எந்தச் சாய்ஸுக்கு எவ்வளவு கட்டணம், அசலை எங்கே ஒப்படைப்பது என்பது அந்தச் சுற்றின் அறிவிப்பில் வரும், அதை வரி வரியாகப் படியுங்கள். மல்லேஸ்வரத்துக்குப் போகும்போது வெரிஃபிகேஷன் ஸ்லிப்பை (சான்றிதழ் சரிபார்த்ததற்கான சீட்டு) எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

எங்கே கொடுத்தாலும் அசலைக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேன், சுயசான்றிட்ட ஜெராக்ஸ் 3 செட். என்னென்ன வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றின் பெயரும் எழுதிய ரசீது இல்லாமல் வெளியே வரக் கூடாது. எம்சிசி கேட்பது 8 புகைப்படம், நீட் விண்ணப்பத்தில் ஒட்டிய அதே படம். 20 பிரதி போட்டு வையுங்கள், மாநிலத்துக்கும் கல்லூரிக்கும் விடுதிக்கும் தீர்ந்துவிடும். ஒரு வருடம் விட்டு எழுதிய பிள்ளைகளுக்கு இடைவெளிக்கான பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

பணத்தில் ஒரு சிக்கல். எம்சிசி சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாவற்றையும் வேலை நாளாகவே எண்ணும். வங்கி எண்ணாது. சேர்க்கை நடக்கும் ஆகஸ்டு, செப்டம்பரில்தான் சுதந்திர தினம், வரலட்சுமி நோன்பு, கௌரி கணேசா எல்லாம் வருகின்றன. டிடி கேட்கும் கல்லூரி என்றால் முடிவு வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். நெட்பேங்கிங் நாள் வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வையுங்கள், நிகர்நிலைப் பதிவுக்கே வைப்புத்தொகை 2 லட்சம். அரசு இடங்களுக்குப் பொதுப் பிரிவில் 10,000, எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5,000.

வேலூர் சிஎம்சி-க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு மாணவர்களை வளாகத்துக்கே வரவழைத்து நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுத்த கல்லூரி அது. நீட் வந்ததை எதிர்த்து 2017-ல் ஒரே ஓர் எம்பிபிஎஸ் இடத்தைத் தவிர மற்றதை நிரப்பாமல் விட்டது. இப்போது சிஎம்சி-யிலும் விண்ணப்பிக்க வேண்டும், சென்னைத் தேர்வுக் குழுவிலும் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் காத்திருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

தேதிகள் தள்ளிப்போகும். 2025-ல் ஜூலையில் தொடங்கிய எம்சிசி முதல் சுற்று ஆகஸ்டு வரை இழுத்தது. 2021-ன் கலந்தாய்வு ஒதுக்கீட்டு வழக்கால் 2022 ஜனவரிக்குப் போனது. அதனால் ரயில் டிக்கெட்டைத் தற்காலிக முடிவைப் பார்த்துப் போட வேண்டாம். இறுதி முடிவும் அலாட்மென்ட் கடிதமும் வந்த பிறகு போடுங்கள். தினம் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தளத்தைப் பார்த்தால் போதும், இரவெல்லாம் விழித்து ரிஃப்ரெஷ் செய்து பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். இந்த இடைவெளியில்தான் "மேனேஜ்மென்ட் சீட் இருக்கு, அட்வான்ஸ் கொடுங்க" என்ற போன் வரும். தனியார், என்ஆர்ஐ இடங்களும் கேஇஏ அல்லது எம்சிசி வழியாகத்தான் நிரம்புகின்றன. கையில் பணம் கேட்பவரிடம் சீட் கிடையாது.

கடைசியாக, வைப்புத்தொகை எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். பிரவுசிங் சென்டர்க்காரர் கார்டில் கட்டியிருந்தால் அவருக்கே போகும். சொந்தக் கணக்கிலிருந்து கட்டுங்கள், பணம் வந்து சேரும் வரை அந்தக் கணக்கை மூடாதீர்கள்.