சலேத் மாதா கோயில்ல ஒரு பெஞ்சு

கல்யாணம் முறிஞ்சு கொடைக்கானலுக்கு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தப்போ சொந்தக்காரங்க யாரும் திட்டல, ஆனா விசேஷத்துக்குக் கூப்பிடுறத நிறுத்திட்டாங்க, கூப்பிட்டாலும் பொண்ணு மாப்பிள்ளை பக்கம் போயிடாதன்னு கண்ணாலயே சொல்லிடுவாங்க, திட்டியிருந்தா கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

சலேத் மாதா கோயிலுக்குப் போக ஆரம்பிச்சேன். பூசைக்கு இல்ல, ஆளில்லாத நேரமா பாத்து. 1846-ல பிரான்ஸ்ல சலேத் மலையில மாடு மேய்ச்ச ரெண்டு பிள்ளைங்களுக்குக் காட்சி தந்த மாதா, முகத்தக் கையால மூடிட்டு உக்காந்து அழுதாங்களாம். அழுற அம்மா. எனக்கு அதுவே ஆறுதலா இருந்துச்சு.

அப்புறம் பைபிள்ல மாற்கு 5-ம் அதிகாரம். 12 வருஷமா ரத்தப்போக்கு இருந்த பொண்ணு, அவ தொட்டாலே தீட்டுன்னு அன்னைக்குச் சட்டம், அதனால கூட்டத்துல ஒளிஞ்சு வந்து பின்னாடி இருந்து இயேசுவோட துணியத் தொடுறா, குணமாயிடுது. அதோட விட்டிருக்கலாம்ல? அவரு நின்னு யார் தொட்டதுன்னு தேடி, எல்லார் முன்னாடியும் 'மகளே'ன்னு கூப்பிடுறாரு. நோய் போனதவிட அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஏங்கிட்டிருந்தேன்னு அங்க உக்காந்து அழுதப்போதான் புரிஞ்சது.

ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்கே போயிட்டேன். கடைசியில நின்னேன், நல்ல பனி. கேரட் தோட்டத்துல வேலை பாக்குற பாட்டி ஒருத்தங்க, நகத்துல மண்ணு கூட இன்னும் போகல, நகந்து உக்காந்து பெஞ்ச ரெண்டு தட்டு தட்டி "வா தாயி"ன்னாங்க. சால்வையில பாதிய என் மேல போத்திவிட்டாங்க. பேரு கூட கேக்கல.