களை எடுக்காத வயல்

காலாப்பட்டில் ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறை. சுவரில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் பாப்பிப் பூ வயல், 1873இல் வரைந்ததன் பிரின்ட். நான் ரசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "களையே எடுக்காம வுட்டிருக்கானே, யாரு வயலு?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னது சரிதான். ஐரோப்பாவில் கோதுமை வயல்களில் தானாக முளைக்கும் களைதான் அந்தச் சிவப்புப் பூ.

கிட்டே போய்ப் பார்த்தால் பூவே இல்லை. இதழ் கிடையாது, காம்பு கிடையாது, வெறும் சிவப்புத் திட்டுகள். நாலடி தள்ளி நின்றால் காற்றில் ஆடுகிறது! மேட்டில் ஒரு பெண்ணும் குழந்தையும், கீழே இன்னொரு பெண்ணும் குழந்தையும். ஓவியரின் மனைவியும் மகனும்தான் மாடல் என்பார்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே ஜோடி என்று படுகிறது. மேட்டிலிருந்து இறங்கிவந்த அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்தே வரைந்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "இருக்கும், வெயில்ல கொடை புடிச்சிட்டு வேற எங்க போவா" என்றார்.

கடலூருக்குத் திரும்பும்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் சற்று நின்றோம். மணலெல்லாம் அடும்பங்கொடி. மான் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ. ஒருத்தரும் விதைக்கவில்லை.

போட்டோ எடுத்தேன். அம்மா குடையோடு ஃபிரேமுக்குள் வந்துவிட்டார். அதைத்தான் கீழே போட்டிருக்கிறேன்.