வால்வோ வி70: பின் சீலைத் தொடாமலே நிறுத்திய ஆயில் கசிவு

கையுறை கடைசியில் உள்ளே இழுத்துக்கொண்டது. பழைய ஐந்து சிலிண்டர் வால்வோ வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வரி: சூடான எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டினால், அது பலூனாக உப்பக் கூடாது, உள்ளே சுருங்க வேண்டும். என் வண்டியில் போன குளிர்காலம் முழுக்க உப்பிக்கொண்டுதான் இருந்தது.

வண்டி 1998 மாடல் வி70, 2.5 டி. 2435 சிசி, லேசான அழுத்தத்தில் ஓடும் டர்போ, 193 குதிரைத்திறன், மேனுவல் கியர். எஞ்சின் ஸ்வீடனின் ஷெவ்டேயில் வார்த்தது. சேஸிஸ் எண்ணில் பதினோராவது இடத்தில் 1 இருப்பதால் வண்டி டோர்ஸ்லாண்டாவில் கூடியது, அதாவது நான் குடியிருக்கும் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலேயே. பெல்ஜியத்தின் கென்ட் ஆலையில் செய்திருந்தால் அங்கே 2 இருக்கும். நம் ஊரில் வால்வோ என்றால் சொந்தக்காரர்கள் இன்னமும் பெங்களூர் பஸ்ஸைத்தான் நினைக்கிறார்கள். இங்கேயோ எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு பழைய வி70 கண்ணில் படும். பாகங்களும் கிடைக்கின்றன, கழற்றி மாட்டத் தெரிந்த தாத்தாக்களும் இருக்கிறார்கள். இந்த வண்டியை வைத்துக்கொள்ள இதைவிட நல்ல ஊர் கிடையாது.

இங்கே பழைய கார் என்றால் 14 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை. போன முறை வண்டி தேறியது, ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பார்த்தவுடனே, கிராங்க்கின் பின் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை, நான் வண்டி வாங்கிய விலையைத் தொட்டது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். திறக்கவில்லை. பிசிவி, அதாவது கிராங்க் அறையின் வாயுவை வெளியேற்றும் அமைப்பு, எப்போது மாற்றியது என்றும் கேட்கவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இந்த எஞ்சினில் சீல் கசிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சீலை அல்ல.

காரணம் எளிது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் அறைக்குள் இறங்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்களே, அது. அந்த வாயு எஞ்சினின் முன்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அடியில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஆயில் பெட்டிக்குள் போகும். ஆயில் துளிகள் பிரிந்து கீழ்த்துளை வழியாக எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்பும். வாயு மேலே ஏறி டர்போவின் காற்றுக் குழாயில் சேர்ந்து எரிந்துவிடும். இந்தப் பெட்டி அடைத்தால் வாயு வேறு வழி தேடும். பின் சீல், கேம் சீல், டிப்ஸ்டிக் என்று எங்கே பலவீனமோ அங்கே ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கேம் சீல் வழியாக வந்தால் ஆயில் டைமிங் பெல்ட்டில் படும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினே போய்விடும். டர்போவிலிருந்து ஆயில் தானாக வடிந்துதான் சம்புக்கு இறங்க வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் அதுவும் இறங்காது, சைலன்சரில் நீலப் புகை. பிசிவி அடைத்திருக்கும்போது புது சீல் போட்டால், புது சீலும் கசியும். அதனால் எத்தனை பேர் சொன்னாலும் என் வரிசை இதுதான்: முதலில் பிசிவி, ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது, அப்புறமும் கசிந்தால் மட்டும் சீல்.

இந்த ஊரில் அடைப்பு சீக்கிரம் வருவதற்குக் குளிரும் காரணம். காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, அலுவலகம், மாலையில் கடை என்று சின்னச் சின்ன ஓட்டம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே சேரும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து கூழாகிறது. வண்டியோடு வந்த எஞ்சின் ஹீட்டரை இப்போது தவறாமல் செருகுகிறேன், கிளம்புவதற்கு முன்பே எஞ்சின் வெதுவெதுப்பாகிவிடுகிறது. டர்போ குழாயில் வாயு சேரும் இடத்தில் வால்வோ ஒரு சூடேற்றும் நிப்பிள் வைத்திருப்பதும் இந்தக் குளிருக்காகத்தான். அது உறைந்து அடைத்தால், பெட்டி புதிதாக இருந்தாலும் அழுத்தம் ஏறும்.

வேலைக்கு வருகிறேன். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் லிஃப்ட் ஷெட்டில் இடம் பிடித்தேன். மேனிஃபோல்டைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் ஃபேனை எடுத்துவிடுங்கள், கை போக இடம் கிடைக்கும். பெட்ரோல் ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்துத் தூக்கி மேலே சாய்த்து வைக்கலாம். கீழ் வரிசை போல்ட்டுகளைக் கழற்றவே வேண்டாம், தளர்த்தினால் போதும், மேனிஃபோல்டில் அந்தத் துளைகள் அடிப்பக்கம் திறந்திருக்கும். டிப்ஸ்டிக் குழாயின் பிடியையும் அடியில் தாங்கும் கம்பியையும் மறக்காமல் விடுவித்தால் மேனிஃபோல்ட் மேலே வந்துவிடும். உடனே ஹெட்டின் ஐந்து வாய்களிலும் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள்.

இப்போது பெட்டி கண்ணுக்கு எதிரே இருக்கும். இரண்டே போல்ட். மேலே ஒரு வளைந்த ஹோஸ், கீழே ஒரு குட்டை ஹோஸ், இரண்டும் பிளாக்கின் இரண்டு வாய்களில் போய்ச் சேரும். மேல் ஹோஸ் பிரச்சினையே இல்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்தக் கீழ் ஹோஸும் அதன் கிளாம்பும்தான்.

அந்தக் கீழ் வாய்க்குக் கை போகும், ஸ்பேனர் போகாது. ஸ்பேனர் போனால் கண் போகாது. கம்பெனி போட்ட கிளாம்ப் காது வைத்த ஒருமுறைக் கிளாம்ப். அதை நறுக்கி எடுக்கத்தான் வேண்டும், அது சுலபம். புதியதை எப்படி முறுக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் பெட்டியைப் போல்ட் போட்டுவிட்டு அப்புறம் கிளாம்பை முறுக்கப் பார்க்கிறார்கள். அப்போது கிளாம்பின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் உங்கள் விதி. நான் செய்த முறை வேறு. இரண்டு ஹோஸையும் மேசையிலேயே பெட்டியில் ஏற்றி, பெட்டிப் பக்கத்துக் கிளாம்புகளை முழுசாக முறுக்கிவிட்டேன். பிளாக் பக்கத்துக் கிளாம்புகளைத் தளர்வாக ஹோஸின் மேல் நழுவவிட்டு, பெட்டி உட்காரும்போது கீழ்க் கிளாம்பின் தலை முன்னோக்கிச் சற்றுத் தாழ்வாக வருமாறு திருப்பி, நழுவாமல் இருக்கச் சின்னத் துண்டு டேப்பால் பிடித்து வைத்தேன். ஹோஸின் முனைகளைக் கொதிநீரில் முக்கி எடுத்தால் ரப்பர் இளகி எதிர்ப்பே இல்லாமல் ஏறும். முதலில் மேல் வளைவு ஹோஸை வாயில் பாதி ஏற்றி, அதைப் பிடிமானமாக வைத்துப் பெட்டியைச் சாய்த்துக் கீழ் ஹோஸை ஏற்ற வேண்டும். தலைகீழ் வரிசையில் செய்தால் மேல் ஹோஸ் மடிந்துகொள்ளும்.

முறுக்குவதற்கு வளையும் தண்டு கொண்ட 7 மில்லிமீட்டர் டிரைவர். இந்தக் கருவி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மேலிருந்து மேனிஃபோல்டின் குழாய்களுக்கு நடுவே விடாமல், லிஃப்டில் தூக்கிக் கீழிருந்து, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பக்கமாக விட்டால் கிளாம்பின் தலையில் நேராகப் போய் உட்காரும். போனில் செருகும் குட்டிக் கேமராவைப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன்: பட்டை நேராக, வாயின் மேடு தாண்டிச் சரியான இடத்தில் கடித்திருந்தது. அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு கிளாம்பைச் சரியாகப் போட்டதில் எனக்கு அவ்வளவு பெருமை.

கிளாம்பைப் பற்றியே இன்னொன்று. பட்டையில் நீளத்துளை வெட்டிய மலிவுக் கிளாம்புகள் ரப்பரை அறுக்கும். ஸ்வீடனில் செய்யும் ஏபிஏ கிளாம்புகளில் பட்டையின் உள்பக்கம் வழவழப்பாகவும் ஓரங்கள் வெளியே மடிந்தும் இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அடைசலான இடத்தில் வேறு எதையும் போட மனம் வராது. பெட்டியும் ஹோஸ்களும் அசல் வால்வோவாகவே வாங்கினேன், ஒரு பகுதி ஜெர்மனியில் லூபெக்கில் இருக்கும் ஸ்காண்டிக்ஸ் என்ற பாகக் கடையிலிருந்து வரவழைத்தது. இணையத்தில் பாதி விலைக்கு முழு செட் விற்கிறார்கள். அந்த ரப்பரைக் கையில் வளைத்துப் பார்த்தேன், மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. மேனிஃபோல்டின் அடியில் மாட்டிவிட்டுப் பத்து வருடம் மறக்க வேண்டிய பொருள் அது. அங்கே காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஜாக்கி ஸ்டாண்டு, பிரேக் கிளீனர், கையுறை எல்லாம் பில்டெமா போன்ற மலிவுக் கடையில் வாங்குங்கள், தாராளமாகப் போதும்.

சரி, பெட்டியை மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லவில்லை. பிளாக்கின் இரண்டு வாய்களையும் சுத்தம் செய்யாமல் புதுப் பெட்டி மாட்டினால் பாதி வேலைதான். என் மேல் வாய் திறந்திருந்தது. கீழ் வாயில் தோசைக்கல்லின் ஓரத்தில் இறுகிய கரி போல அடைத்திருந்தது. நீளமான பிளாஸ்டிக் கேபிள் டையை உள்ளே விட்டு விட்டுத் திருகி எடுத்தேன். கம்பி வேண்டாம், சுவரைக் கீறும். கூடவே கொஞ்சம் பிரேக் கிளீனர், ஊறவிட்டு மறுபடி டை. வெளியே எடுக்க முடிந்த கரியை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கடைசியில் சுத்தமான ஆயிலைச் சிரிஞ்சில் எடுத்து ஊற்றினேன். தேங்காமல் சரசரவென்று சம்புக்கு இறங்கியது. அது தேங்கி நின்றிருந்தால் சம்பையே இறக்க வேண்டியிருக்கும். பிளாக்கும் சம்பும் சேரும் இடத்தில் அந்த வழிக்கு இருக்கும் ஓ-ரிங்குகளையும் அப்போது மாற்றியாக வேண்டும். எனக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. கீழே இறங்கிய கரியும் கிளீனரும் ஆயிலில் கலந்திருக்கும், எனவே வேலை முடிந்த கையோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றினேன்.

அங்கே கை போகும்போதே இரண்டு நாக் சென்சார்களின் கனெக்டர்களையும் பாருங்கள், சூடு பட்டு அவற்றின் பிளாஸ்டிக் உதிர்கிறது. சென்சாரைக் கழற்றினால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் திரும்பப் போடாதீர்கள், 20 நியூட்டன் மீட்டர். அது அதிர்வைக் கேட்கும் கருவி, முறுக்கம் மாறினால் அது கேட்பதும் மாறும். மேனிஃபோல்ட் போல்ட்டுகளுக்கும் அதே 20 தான், நடுவிலிருந்து இரண்டு பக்கமாக. காஸ்கெட்டும் இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளும் புதியவை. டர்போ குழாயின் சூடேற்றும் நிப்பிளை ஊதிப் பார்த்தேன், ஓட்டை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதையும் மாற்றிவிட்டேன். பெட்டியை மாற்றி நிப்பிளை விட்டுவிட்டு, இன்னும் கையுறை உப்புகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடில் முன்பைவிட அமைதி. டிப்ஸ்டிக்கை உருவினால் புகை இல்லை. கியர்பாக்ஸ் சேரும் இடத்தை பிரேக் கிளீனரால் கழுவித் துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்கினேன். ஒரு மாதம் ஓடிவிட்டது. லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் அந்த இடம் காய்ந்திருக்கிறது. நிறுத்தும் இடத்தில் விரித்த அட்டையிலும் புதுச் சொட்டு இல்லை. கியர்பாக்ஸ் இறங்கவில்லை, பின் சீல் அதே பழைய சீல்.

வி70-க்கு முந்தைய வால்வோவான 850-இல் தொடங்கி இந்த வி70 வரை வந்த இந்த எஞ்சின் குடும்பத்தின் மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. 1991-இல் 850 வந்தபோது குறுக்காக வைத்த ஐந்து சிலிண்டர், பக்கவாட்டு மோதல் பாதுகாப்பு என்று எல்லாமே வால்வோவுக்குப் புதுசு. 1994-இல் எஸ்டேட் காரையே பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் ஓட்டினார்கள். இவ்வளவு உழைக்கிற எஞ்சினை, ஒரு பிளாஸ்டிக் பெட்டி அடைத்ததற்காக உடைக்கும் யார்டுக்கு அனுப்புவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. யார்டில் நிற்கும் வி70-களில் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பாதிக்கு மேல் கூழ்தான்.

அடுத்தது ஏபிஎஸ். சூடேறியதும் மஞ்சள் விளக்கும், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஸின் விளக்கும் சேர்ந்து எரிகின்றன, ஆறினால் அணைந்துவிடுகின்றன. என் வண்டியின் வருடத்து மாடல்களில் பம்ப்போடு ஒட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சாலிடர் வெடிப்பது பிரபலமான நோய். மூடி ஒட்டப்பட்டிருக்கும், மெல்லிய பிளேடால் சுற்றி அறுத்துத் திறந்து, பெரிய கனெக்டர் பின்களை மறுபடி சாலிடர் செய்ய வேண்டும். பழகுவதற்காக யார்டிலிருந்து ஒரு செத்த பெட்டி வாங்கி வந்தாயிற்று. அதன் மூடியை முதலில் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் என் வண்டியின் பெட்டியைக் கழற்றப் போகிறேன். டைமிங் பெல்ட்டும் கேம் சீல்களும் அதற்குப் பிறகு, குளிர் டயர்களைக் கழற்றும் சமயத்தில்.