பிள்ளைகள் குனியாத ஒரு நாள்

பாங்காக்கில் ஒரு தாய்லாந்துப் பள்ளியில் மகளைச் சேர்த்த பிறகு, வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வணக்க நாள் வந்துகொண்டே இருக்கிறது. ஜூன் மாதம் ‘வாய் க்ரூ’, ஆசிரியர்களுக்கு வணக்கம். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து இட்லிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ மூன்றையும் தட்டில் அடுக்குவோம். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி கூராக இருக்கும், அது அறிவுக்கு. அருகு மிதித்தாலும் தழைக்கும். கத்தரிப்பூ தலை குனிந்தே பூக்கும், அது பணிவுக்கு. நம் ஊர்த் தோட்டத்துச் செடிகளே இங்கே குருவுக்கும் போகின்றன என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 12 அரசி சிரிகிட் பிறந்தநாள், அதுதான் அன்னையர் தினம். அம்மாக்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார, பிள்ளைகள் தரையில் முட்டி போட்டு மல்லிகைச் சரத்தைக் கொடுத்துக் காலில் விழுவார்கள். மகள் விழுந்தபோது அழுதேவிட்டேன். பக்கத்தில் அம்மா வராத ஒரு குழந்தை ஆசிரியையின் மடியில் தலை வைத்திருந்தது, அதற்கும் சேர்த்துத்தான். டிசம்பர் 5, மன்னர் பூமிபோல் பிறந்தநாள், தந்தையர் தினம்.

எல்லா நாளும் குனிவது பிள்ளைகள்தான். அதனாலேயே ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அன்றைக்கு ‘வன் டெக்’, குழந்தைகள் தினம். 1955-இல் தொடங்கியபோது அது அக்டோபர் முதல் திங்கட்கிழமை. அக்டோபரில் மழை, திங்களென்றால் பெற்றோருக்கு வேலை. அப்புறம் குழந்தையை யார் வெளியே கூட்டிப்போவது? 1965 முதல் ஜனவரிச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அம்மா அப்பா கூட வரவேண்டும் என்று யோசித்து ஒரு நாளை மாற்றியது நல்ல காரியம்.

பிரதமர் அலுவலகம் திறந்திருக்கும், பிள்ளைகள் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். டான் முவாங் விமானத்தளத்தில் விமானப்படை போர் விமானங்களைக் காட்டும். நாங்களும் போனோம். வெயிலில் நீண்ட வரிசை, ஆனாலும் விமானி அறைக்குள் உட்கார்ந்ததும் மகள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஆனால் ராணுவ முகாம்களில் சின்னப் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுப்பது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. விமானம் சரி, துப்பாக்கி வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பிரதமர் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஒரு பொன்மொழி சொல்வார். ராணுவ ஆட்சியாளர் சரித் 1959-இல் முன்னேற்றத்தை விரும்புங்கள் என்றார், அடுத்த வருஷம் சுத்தத்தை விரும்புங்கள் என்றார். குழந்தைகளுக்கான நாளிலும் குழந்தைகளுக்கே புத்திமதி! மேடையில் அந்த வருஷப் பொன்மொழியைத் தப்பில்லாமல் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும்.

எனக்கு நிஜமான வன் டெக் எங்கள் சந்தில்தான். அரிசிக்கடை அம்மா தலைமையில் தெருக்காரர்கள் காசு போட்டு ஐஸ்கிரீம், நூடுல்ஸ், நோட்டு, பென்சில் எல்லாம் இலவசமாகக் கொடுப்பார்கள். கடைசியில் குலுக்கலில் சைக்கிள். பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பர்மியக் குடும்பங்களின் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும். யார் வீட்டுப் பிள்ளை, என்ன காகிதம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. குலுக்கல் சீட்டு கையில் இருந்தால் போதும். போன தடவை சிவப்பு சைக்கிள் ஒரு பர்மியப் பையனுக்கு விழுந்தது. பெடல் எட்டவில்லை. அரிசிக்கடை அம்மா தன் கடை ஸ்பானரை எடுத்துவந்து இருக்கையை இறக்கிக் கொடுத்தார்.

வரும் ஜனவரிக்கு ஒரு சைக்கிள் எங்கள் வீட்டுக் கணக்கில் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சின்ன அளவாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்.